விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள்!

பள்ளிகள் திறந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. கொரோனாவில் விட்டுப்போன படிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் திரும்பக் கிடைத்துவிட்டதா? திருப்பரங்குன்றத்தை முன்வைத்து ஓர் அலசல்.

2021 நவம்பர் 1. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டுப் பள்ளிகள் மீண்டும் திறந்த நாள். திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றியுள்ள மாநகராட்சிப் பள்ளிகளிலும் ஒன்றியப் பள்ளிகளிலும் அன்று இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பலருக்கு அதுதான் முதல் பள்ளி நாள். 2020 ஜூனுக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பில் பெயர் ஏறியது. அந்த வகுப்பறையை அவர்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பென்சில் பிடிக்கவும், எழுத்துக் கூட்டவும், மற்ற பிள்ளைகளோடு வரிசையில் உட்காரவும் பழக வேண்டிய வருடம் வீட்டு வாசலிலேயே கழிந்துபோனது. கையில் கிடைத்ததோ இரண்டாம் வகுப்புப் புத்தகம்.

அந்தப் பிள்ளைகள் 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பில் இருக்கிறார்கள். 2030இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப் போகிறார்கள். ஊரடங்கும் முகக்கவசமும் நமக்குப் பழைய கதையாகிவிட்டன. அவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதுவார்கள். எழுதியதை வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடும்.

பின்தங்கிய பிள்ளையைப் புத்தகம் இருக்கும் பக்கத்துக்கு இழுத்துப் பயனில்லை. பிள்ளை நிற்கும் இடத்துக்கு நாம் இறங்கிப் போய், அங்கிருந்து கைபிடித்து ஏற்றிவர வேண்டும். அது பேரிடர்க் காலத்தில் மட்டும் வந்துபோகும் திட்டமாக இருந்தால் போதாது. ஊருக்கு ஊர், ஆண்டு முழுவதும் இருக்க வேண்டிய ஏற்பாடு அது. திருப்பரங்குன்றத்தைச் சுற்றிப் பார்த்தாலே ஏன் என்று புரியும்.

பூட்டு ஒருமுறை, தடை பலமுறை

திருப்பரங்குன்றம் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஊரின் ஒரு பக்கம் தியாகராசர் பொறியியல் கல்லூரி. மறுபக்கம் 1845 முதல் கல்விப் பணிக்குப் பெயர்பெற்ற பசுமலை. படிப்பின் அருமை தெரியாத ஊர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால், அதே ஊரின் தெருக்களிலும் ஒன்றியத்துக் கிராமங்களிலும் படிப்பு எத்தனை விதமாகத் தடைபடுகிறது என்பது அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்குத் தெரியும்.

வலையங்குளம், பெருங்குடி பக்கம் மல்லிகைத் தோட்டங்கள். மொட்டு விரிவதற்குள் பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் விடியும் முன்பே பறிப்பு தொடங்கிவிடும். அம்மா தோட்டத்துக்குப் போய்விட்டால் மூத்த பெண்தான் தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து அனுப்ப வேண்டும். முதல் பீரியடுக்கு அவள் வந்து சேர்வது பல நாள் நடக்காது. விளாச்சேரியில் மண் பொம்மை செய்யும் குடும்பங்களுக்குக் கொலு சீசன் நெருங்கினால் வீடே பட்டறை. செங்கல் சூளைக்கு முன்பணம் வாங்கியவர்கள் தை பிறந்ததும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினால், மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புவார்கள். அதற்குள் ஆண்டுத் தேர்வே முடிந்திருக்கும். வாடகை கட்ட முடியாமல் வீடு மாறினால் பள்ளியும் மாறும். அப்பாவுக்கு விபத்து, அம்மாவுக்கு ஆபரேஷன், பிள்ளைக்கே டெங்கு என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

கொரோனா எல்லாப் பள்ளிகளையும் ஒரே நாளில் பூட்டியது. அதனால் அது செய்தியானது. சூளைக்குப் போன ஒரு பிள்ளையின் ஐந்து மாதம் செய்தியாவதில்லை. இழப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

சட்டம் இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு தெளிவாகவே பேசுகிறது. பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சமமாக வரும்வரை சிறப்புப் பயிற்சி பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை. பயிற்சி குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு என்று விதிகள் சொல்கின்றன. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்து, வருகை மட்டும் விட்டுவிட்டு விழும் பிள்ளையும், கொரோனாவில் வகுப்பையே பார்க்காமல் தேர்ச்சி பெற்ற பிள்ளையும் இந்தப் பிரிவுக்குள் எளிதில் வருவதில்லை. காகிதத்தில் அவர்கள் ஒரு நாளும் படிப்பை விடவில்லையே!

52 கழித்தல் 27, விடை 35

பின்தங்குவது என்றால் என்ன என்பதை ஒரே ஒரு கணக்கில் காட்டிவிடலாம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். அடித்தளம் ஆடிப்போன பிள்ளைகள் பெரும்பாலும் 35 என்று எழுதுவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது எளிது. பிள்ளையின் யோசனையைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரியும். ஒன்றின் இடத்தில் 2, 7. இரண்டிலிருந்து ஏழு போகாது. ஆகவே ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5. பத்தின் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போக 3. ஆக, 35. கழிக்கத் தெரிந்திருக்கிறது, வாய்பாடும் சரி. தெரியாதது ஒன்றே ஒன்று: 52 என்பதில் உள்ள 5, ஐந்து பத்துகள் என்பது.

அது இரண்டாம் வகுப்பில் கைக்கு வர வேண்டிய விஷயம். அது வராத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் தசமம், பின்னம், முழுக்கள் என்று எதை நடத்தினாலும் நிற்காது. இன்னும் பத்துக் கழித்தல் கணக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தால், பத்தையும் அதே தவறான வழியில்தான் போட்டுக்கொண்டு வரும்.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விளக்குமாற்று ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்தால் போதும். ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. தெருவில் தன்னார்வலர்கள் நடத்தும் மாலை வகுப்புகளில் பேச்சு இப்படிப் போகும்:

“ஏழு குச்சி எடுத்துக் குடுடா தம்பி.”

“ரெண்டுதானக்கா இருக்கு.”

“அப்ப என்ன செய்வ?”

“ஒரு கட்டைப் பிரிச்சுக்கவாக்கா?”

அந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று வெறும் விதியாகச் சொல்லிக் கொடுத்தது, கையில் எடுத்துப் பிரித்த அனுபவமாக மாறிவிடுகிறது. வாசிப்பிலும் அப்படித்தான். ‘ம’, ‘ர’ தெரிந்த பிள்ளை ‘மரம்’ வாசித்துவிடும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்து வரும் ‘கொ’, ‘கோ’வில் முட்டி நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். நாற்பது பேருக்கு நடுவே, கோரஸாக வாசிக்கும்போது அந்தத் திக்கல் யார் காதிலும் விழாது.

நிலையூர் கைத்தறி நகரில் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே நெய்வார்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு போனால் சேலையின் முழு நீளத்துக்கும் அந்தக் கோடு ஓடும்.

பள்ளி திறந்த பிறகும் வளர்ந்த பள்ளம்

அந்தக் கோடு எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்குப் பாகிஸ்தானில் ஒரு சாட்சி இருக்கிறது. 2005 அக்டோபர் 8ஆம் தேதி அங்கே பெரும் நிலநடுக்கம். பாதிக்கப்பட்ட பகுதிகளில் பள்ளிகள் சராசரியாக 14 வாரங்கள் மூடிக் கிடந்தன. தஹிர் அந்த்ராபி, பெஞ்சமின் டேனியல்ஸ், ஜிஷ்ணு தாஸ் ஆகிய ஆய்வாளர்கள் நான்கு ஆண்டு கழித்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். நிலநடுக்கப் பிளவுக்கு அருகில் வாழ்ந்த பிள்ளைகள், தூரத்தில் இருந்தவர்களைவிட ஒன்றரை வகுப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தார்கள். மூடிக் கிடந்தது மூன்று, மூன்றரை மாதம். இழந்தது ஒன்றரை ஆண்டு! பள்ளி திறந்ததும் பாடம் தன் போக்கில் முன்னே போனது, பிள்ளைகள் பின்னாலேயே நின்றுவிட்டார்கள் என்பதே இதற்குப் பொருந்திவரும் விளக்கம்.

தமிழ்நாட்டில் பள்ளிகள் 14 வாரங்களா மூடியிருந்தன? 2020 மார்ச்சில் போட்ட பூட்டு. பெரிய வகுப்புகளுக்கு 2021 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கதவு திறந்தது. இரண்டாம் அலையில் மறுபடி மூடியது. 9 முதல் 12 வரை செப்டம்பர் 1இல் திறந்தார்கள். சின்னப் பிள்ளைகள் காத்திருந்தது ஏறக்குறைய 19 மாதம். கல்வித் தொலைக்காட்சி பாடம் ஒளிபரப்பியது. வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டில் அந்தப் போன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

அபிஜித் சிங், மவுரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. அதே கிராமங்களில் அதே வயதுப் பிள்ளைகள் 2019இல் எப்படி இருந்தார்கள் என்ற அளவு அவர்கள் கையில் இருந்தது. 2021 டிசம்பரில் மீண்டும் சோதித்தபோது கணக்கில் பெரிய சரிவு; தமிழில் சரிவு அதில் ஏறத்தாழப் பாதி. வீட்டில் தமிழ் பேசுகிறோம், சுவரொட்டியில் தமிழ் வாசிக்கிறோம்; இடமதிப்பை யாரும் வீட்டில் பேசிக்கொண்டிருப்பதில்லை. நாடு தழுவிய ‘அசர்’ கணக்கெடுப்பும் அதே திசையைக் காட்டியது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018இல் 10.2 சதவீதம், 2022இல் 4.8 சதவீதம். கொரோனாவுக்கு முன்பே குறைவாக இருந்தது, பாதிக்கும் கீழே போனது.

திண்ணையில் நடந்த மீட்பு

அபிஜித் சிங் குழுவின் ஆய்வில் நம்பிக்கை தரும் பகுதியும் உண்டு. பள்ளி திறந்த ஆறே மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதத்துக்குக் காரணம் அரசின் மாலை மையத் திட்டமான ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த மையங்களுக்கு அதிகம் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்த திட்டம் அது. முதலில் 12 மாவட்டங்கள். அதில் மதுரையும் ஒன்று. தெருவுக்குத் தெரு கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாகப் போய் ஆள் திரட்டின. பிளஸ் டூ முடித்தவர்கள் தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கும், பட்டம் பெற்றவர்கள் 6 முதல் 8 வரைக்கும் சொல்லிக் கொடுக்கலாம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. லட்சக்கணக்கில் திரண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள், கல்யாணமாகி வீட்டோடு இருந்த பட்டதாரிகள், கல்லூரி மாணவிகள்.

அவர்களிடம் பள்ளி ஆசிரியர்களுக்கு இல்லாத இரண்டு வசதிகள் இருந்தன. பாடத்திட்டத்தை இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. பிள்ளையின் வீடு நாலு வாசல் தள்ளித்தான். இரண்டு நாள் வராவிட்டால் போய்க் கூப்பிட முடியும்; ஏன் வரவில்லை என்பதும் தெருவுக்கே தெரிந்திருக்கும். மும்பையிலும் வதோதராவிலும் 2000களின் தொடக்கத்தில் பிரதம் அமைப்பு நடத்திய ‘பால்சகி’ திட்டத்தில் சாதித்ததும் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பெண்கள்தான். நமக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1990களில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக இதே வலிமையைத்தான் நம்பி இறங்கியது. அன்று பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த மண், இன்று பிள்ளைகளுக்காக அதைத் திரும்பச் செய்தது.

பிறகு பள்ளிகள் வழக்கத்துக்குத் திரும்பின, மையங்கள் படிப்படியாகக் குறைந்தன. நெருக்கடி முடிந்தது என்ற எண்ணமே அதற்குப் பின்னால் இருந்தது. மூன்றில் ஒரு பங்கு இழப்பு அப்போதும் பாக்கி இருந்தது. அந்தப் பாக்கி எல்லாப் பிள்ளைகளின் தலையிலும் சமமாக விழவில்லை. வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள்தான் அதைச் சுமக்கிறார்கள்.

இடையில் விழுந்த வகுப்பு

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் நிலையறிந்து, நிலைக்கேற்ற பயிற்சி நூல் கொடுக்கும் நல்ல முறை. முதலில் 1 முதல் 3 வரை; 2023-24இல் 4, 5ஆம் வகுப்புகளுக்கும் வந்தது.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை, மூன்றாம் வகுப்பை முழுதாக வீட்டில் கழித்தது. நான்காம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கு வந்தது. 2022-23இல் அது ஐந்தாம் வகுப்பு. திட்டமோ மூன்றாம் வகுப்பு வரைதான். 2023-24இல் திட்டம் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது அந்தப் பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டது. எண்ணும் எழுத்தும் அதைத் தொடவே இல்லை. தொடக்கப்பள்ளியை விட்டு உயர்நிலைப் பள்ளிக்கு மாறியதும் ஒரே ஆசிரியர் போய், பாடத்துக்கு ஒருவராக வந்தார்கள். எழுத்துக் கூட்டத் தெரியுமா என்று கேட்பது யார் வேலை? தமிழாசிரியர் இலக்கணம் நடத்த வேண்டும், கணக்கு ஆசிரியர் இயற்கணிதம் முடிக்க வேண்டும்.

அந்த வகுப்பினர் 2025-26இல் எட்டாம் வகுப்பு. 2028இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. 6 முதல் 9 வரை படிப்பவர்களில் பின்தங்கியவர்களுக்கு அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லித்தர 2025-26இல் அரசு ‘திறன்’ பயிற்சியைக் கொண்டுவந்தது. தாமதமாக வந்தாலும் வர வேண்டியதுதான். அதை ஒழுங்காக நடத்துவதில்தான் 2028இன் தேர்வு முடிவு இருக்கிறது. வழக்கமான பாடங்களை முடிக்கும் அவசரத்தில் திறன் பீரியடையும் அவற்றுக்கே எடுத்துக்கொண்டால், அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி வாய்ப்பும் போய்விடும்.

பெயிலாக்கினால்தான் படிப்பார்கள் என்றொரு குரல் அடிக்கடி கேட்கிறது. 5, 8ஆம் வகுப்புகளில் பெயிலாக்கலாம் என்று ஒன்றிய அரசு 2024 டிசம்பரில் விதியைத் திருத்தியது. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி தொடரும் என்பதில் தமிழ்நாடு உறுதியாக நிற்கிறது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதையே சொல்கிறது. அது சரியான நிலைப்பாடு. 35 என்று எழுதிய பிள்ளையை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் ஈர்க்குச்சிக் கட்டு தானாக வந்துவிடாது. பூப்பறிக்கும் வீட்டுப் பெண் பிள்ளை பெயிலானால் அடுத்த ஜூனில் பள்ளிக்கு வருவாளா என்பதே சந்தேகம். ஆனால் தேர்ச்சி கொடுப்பதோடு பள்ளியின் கடமை முடிந்துவிடாது. மேலே அனுப்புகிற கையே விட்டதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நீதி.

பெற்றோரும் ஊரும் செய்யக்கூடியவை

• நான்காம் வகுப்போ எட்டாம் வகுப்போ, உங்கள் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். திக்கினால் திட்ட வேண்டாம். எந்த எழுத்தில் நிற்கிறது என்று குறித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் பிள்ளை திக்குவதைக் காதால் கேட்டுவிடலாம்.

• நீண்ட விடுப்புக்குப் பிறகு பள்ளிக்கு அனுப்பும்போது, விட்ட பாடங்களுக்கு என்ன ஏற்பாடு என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். இது தயவு கேட்பதாகாது, பிள்ளையின் உரிமை.

• வேலைக்காக வெளியூர் போனால் போகுமிடத்து அரசுப் பள்ளியில் சேருங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ சட்டம் இடம் தரவில்லை.

• பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிக்கு மேல் பெற்றோர்தான் இருக்கிறார்கள். கட்டடம், கழிப்பறையோடு, ‘எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வரவில்லை’ என்ற கேள்வியையும் கூட்டத்தில் எழுப்புங்கள்.

• படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டி மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்க வைக்கலாம். இல்லம் தேடிக் கல்வி நிரூபித்துக் காட்டியது இதைத்தான்.

நிரந்தரமாகட்டும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைப்பதில் தமிழ்நாட்டுக்கு நிகர் குறைவு. காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி வரை, வயிற்றுக்கு இட்டுப் பள்ளிக்கு அழைத்த மாநிலம் இது. அந்தச் சிற்றுண்டி ஒரு திட்டமாகத் தொடங்கி இன்று மாறாத ஏற்பாடாகிவிட்டது. விட்ட படிப்பை மீட்பதும் அதே இடத்துக்கு வர வேண்டும்.

அதற்கு மூன்று காரியங்கள் போதும். ஒன்று, ஒவ்வொரு வட்டார வள மையத்தின் கீழும் ஆண்டு முழுவதும் இயங்கும் மாலை மையங்கள். சூளையிலிருந்து எந்த மாதம் திரும்பினாலும், காய்ச்சலில் எத்தனை வாரம் போனாலும் பிள்ளை அங்கே வந்து சேரலாம். இரண்டு, அங்கே சொல்லித்தரும் பெண்களுக்குக் கௌரவமான தொகையும் முறையான பயிற்சியும். ஆயிரம் ரூபாய்க்கு அவர்கள் செய்தது பெரிய தொண்டு. அதையே எல்லாக் காலத்துக்கும் எதிர்பார்ப்பது சுரண்டல். மூன்று, ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியே உட்காரவைத்து ஒரு பத்தி, ஒரு கழித்தல் கணக்கு.

மூன்றாவது காரியத்துக்கு அரசாணை எதுவும் வர வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் என்றால் நாற்பது பிள்ளைகளுக்கு 200 நிமிடம், அதாவது ஒரு நாள் பள்ளி நேரத்தில் பாதிக்கும் சற்று மேல். திருப்பரங்குன்றத்து எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் வரும் திங்கட்கிழமை அதைச் செய்தால், 2028இல் தேர்வு எழுதப் போகிறவர்களில் யாருக்கு எந்த இழை அறுந்திருக்கிறது என்பது அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். முடிச்சுப் போட இரண்டு வருடத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் அந்த நேரமும் இருக்காது.